இடது தோளில் அரை அங்குலம்

பவளராணி: மெல்லமாய் விரியுங்கோ மச்சாள். எழுபது வருசத்துத் துணி... இழுத்தால் கையோடை வந்திடும்.

றெஜினா: எனக்குத் துணி விரிக்கப் படிப்பிக்கிறாய் என்ன? முதல் உந்தத் தேத்தண்ணிக் கோப்பையை மெசினுக்குக் கிட்ட இருந்து எடு.

பவளராணி: எடுத்திட்டன். ஸோரா பயப்பிடுறா, அதுதான். நான் வேலை முடிஞ்சு வெளிக்கிடேக்கை கையைப் பிடிச்சுக்கொண்டு, தைக்கிற மனுசிக்குச் சொல்லு, கறையைக் கழுவவேண்டாம் எண்டு...

றெஜினா: எந்தக் கறை?

பவளராணி: கொலருக்குக் கீழை. செரிப்பழமாம்.

றெஜினா: செரிப்பழக் கறையை எழுபது வருசமாய்க் காப்பாத்துற மனுசியை இப்பதான் கேள்விப்படுறன். உங்கடை முதியோர் இல்லத்திலை எல்லாரும் உப்பிடியோ?

பவளராணி: மற்றவை பல்லுக்கட்டை எங்கை வைச்சதெண்டே மறந்திடுவினம். இவா உடுப்பை மட்டும் மறக்கமாட்டா. ஒவ்வொரு நாளும் காலமை என்ரை வேலைச் சட்டையைப் பாத்திட்டுக் கேப்பா, நீ எந்தச் சங்கத்துப் பிள்ளை எண்டு.

றெஜினா: நீ என்ன சொல்லுவாய்?

பவளராணி: ஹோர்சன்ஸ் நகரசபை எண்டுவன். ஓ, அது நல்ல சங்கம் எண்டுவா.

றெஜினா: அம்பத்திரண்டு வயசுப் பிள்ளை.

பவளராணி: சிரியுங்கோ, சிரியுங்கோ. நீங்கள் சிரிச்சுக் கனநாள்.

றெஜினா: ...போன் ஏதும் வந்ததே பவளம்?

பவளராணி: இல்லை மச்சாள்.

றெஜினா: வந்தால் சொல்லுவாய்தானே?

பவளராணி: இதென்ன கதை. உங்களுக்கு லோரன்ஸ் தம்பி எண்டால், அவரின்ரை மனுசி எனக்குத் தங்கச்சி. கோகிலா உங்களுக்கு மருமகள் எண்டால் எனக்குப் பெறாமகள். உங்களுக்குச் சொல்லாமல் நான் ஆருக்குச் சொல்லப்போறன்?

றெஜினா: இல்லை, கேட்டனான். சண்டை முடிஞ்சுதெண்டு ரீவியிலை காட்டி இண்டையோடை ஒரு மாதமும் நாலு நாளும். முடிஞ்சால் போன் வரவேணும் எல்லோ.

பவளராணி: முகாமுக்குள்ளை போன் வைச்சிருக்க விடாங்களாம். வன்னியாலை வந்த சனம் கொஞ்சமே? பேர் பதியவே நாள் எடுக்கும்.

றெஜினா: போன மாதம் நாலாம் திகதி இஞ்சை டென்மார்க்கிலை எல்லாற்றை ஜன்னலிலையும் மெழுகுதிரி. சைக்கிளிலை வரேக்கை பாத்துக்கொண்டு வந்தனான். இவையின்ரை சண்டை, ரண்டாம் உலகப்போர், முடிஞ்சு அறுபத்திநாலு வருசமாம், இன்னும் கொளுத்தினம். எங்கடை சண்டை முடிஞ்சதுக்கு ஆர் கொளுத்திறது?

பவளராணி: ...ஸோராவும் கொளுத்தினவா. ஆனா மூண்டு திரி.

றெஜினா: ஏன் மூண்டு?

பவளராணி: ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒண்டாம்.

றெஜினா: சரி, அந்தக் கதையைச் சொல்லு. கை வேலை செய்யட்டும், காது சும்மாதானே கிடக்கு. வெளியாலை பார், பொழுதுபடுற நேரம் எண்டு ஆரும் சொல்லுவினமே... மத்தியானம் மாதிரி நிக்குது. உந்த வெளிச்சம் என்னை நித்திரை கொள்ளவும் விடுதில்லை, முழிச்சிருக்கவும் விடுதில்லை.

பவளராணி: எங்கை தொடங்கிறது... அவா பிறந்தது ட்ரியெஸ்டுக்குப் பக்கத்திலை, மலையிலை ஒரு கல்லுக் கிராமம். சனம் ஸ்லோவேனியர். ஆட்சி இத்தாலிக்காரன்ரை. பள்ளிக்கூடத்திலை சொந்தப் பாசை கதைச்சால் அடி.

றெஜினா: ம்.

பவளராணி: பிள்ளையள் எல்லாம் இத்தாலிக்காரன்ரை சங்கத்திலை சேரவேணும். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை. சனிக்கிழமை எண்டால் வரிசையிலை நிண்டு கையை உயத்திப் பாடவேணும். அந்த வெள்ளைச் சட்டைதான் உங்கடை கையிலை இருக்கிறது.

றெஜினா: அதுதான் நெஞ்சிலை வட்டமாய் ஊசித்துளையள். சின்னம் ஒண்டு வைச்சுத் தைச்சுப் பிடுங்கின இடம்.

பவளராணி: அட, அது தெரியுதே? நான் எத்தினை தரம் தடவிப் பாத்தனான், கண்ணிலை படேல்லை.

றெஜினா: நூல் போனாலும் துளை மறக்காது. சேராட்டி என்ன செய்வாங்கள்?

பவளராணி: தேப்பன்ரை வேலை போகும். அந்த மனுசனிலை ஏற்கெனவே ஒரு கண் வைச்சிருந்தவங்கள். அவர் இளந்தாரியாய் இருக்கேக்கை அவையின்ரை சொந்தச் சங்கம் ஒண்டு இருந்ததாம், சோக்கோல் எண்டு. ராசாளிப் பறவையாம் அது. எல்லாரும் ஒண்டாய் நிண்டு உடற்பயிற்சி செய்வினம். சிவப்புச் சட்டை, தொப்பியிலை ஒரு இறகு.

றெஜினா: நல்ல வடிவாய் இருந்திருக்கும்.

பவளராணி: இத்தாலிக்காரன் அதைத் தடைசெய்ய, மனுசன் சிவப்புச் சட்டையை எண்ணெய்க் கடதாசியிலை சுத்தி வைக்கோலுக்குள்ளை ஒளிச்சுப்போட்டார். ஒருநாள் போடுவன் எண்டு. பேந்து சண்டை பெருக்க, அவரும் மலைக்கு ஏறீட்டார், ஒளிச்சு நிண்டு சண்டை பிடிக்கிற ஆக்களோடை.

றெஜினா: பொறு... இந்த இடத்திலை கை ஓரம் பிஞ்சிருக்கு. ஒரு ஒட்டுப் போடவேணும். ம், சொல்லு.

பவளராணி: சண்டையின்ரை கடைசி மாரியிலை அந்த ஆக்களே கிராமத்துக்கு வந்து, பிள்ளையளுக்கு ஒரு சங்கம் தொடங்கினவை. இளமுன்னோடிகள் எண்டு. கழுத்திலை சிவப்புத் துணி கட்டவேணும். சட்டை அதே வெள்ளைச் சட்டைதான்.

றெஜினா: சின்னத்தைப் பிடுங்கிப்போட்டு.

பவளராணி: ஓம். ஸோரா சொல்லுவா, எனக்குச் சட்டை மாறேல்லை, கழுத்துத்தான் மாறினது எண்டு. ஆனா சிவப்புத் துணிக்கு எங்கை போறது? கடையிலை உப்பே இல்லை. அதுதான் தாய், வைக்கோலுக்கை கிடந்த அந்தச் சட்டையை எடுத்து வெட்டி, ஒன்பது பிள்ளையளுக்கு முக்கோணமாய்...

றெஜினா: எப்ப வெட்டினவா?

பவளராணி: சண்டை முடியிற நேரம்.

றெஜினா: முடிய முதலோ, முடிஞ்சாப் பிறகோ?

பவளராணி: அதிலை என்ன இருக்கு மச்சாள்...

றெஜினா: கேக்கிறன்.

பவளராணி: ...முடிஞ்சு கொஞ்ச நாளாலை. மற்ற வீட்டு ஆம்பிளையள் மலையாலை இறங்கி வந்த கிழமை. செரி பழுத்திருந்ததாம்.

றெஜினா: வந்து போடுவன் எண்டு சொல்லி ஒளிச்சு வைச்ச சட்டையை எல்லோ.

பவளராணி: தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.

றெஜினா: ஸோரா என்ன சொன்னவா?

பவளராணி: அவா மரத்திலை இருந்து பழம் திண்டுகொண்டு இருந்தவாவாம். உள்ளுக்கை கத்தரிக்கோல் சத்தம் கேட்டுதாம். தாய் வாயாலை ஒண்டும் சொல்லேல்லையாம்.

றெஜினா: சொல்லத் தேவையில்லை. பிள்ளைக்கு விளங்கியிருக்கும்.

பவளராணி: ஓம்... விளங்கினதாம். மச்சாள், இந்தக் கதையை நான் எடுத்திருக்கக் கூடாது.

றெஜினா: ஏன், நல்ல கதைதானே. அந்தச் சிவப்புத் துணியையும் கொண்டு வந்தனியே?

பவளராணி: அதை ஸோரா தலைகணிக்குக் கீழை வைச்சிருக்கிறா. ஆருக்கும் குடாள். நித்திரையிலை பாடுவா, தெரியுமே? இத்தாலிப் பாட்டிலை தொடங்கி, ஸ்லோவேனியப் பாட்டிலை நடந்து, டெனிஸ் தாலாட்டிலை முடிப்பா. கையிரண்டும் போர்வையை முக்கோணமாய் மடிக்கும். நான் பக்கத்திலை இருந்தால் எனக்கும் கண் செருகும். எந்த ஊரிலை இருக்கிறன் எண்டே ஒரு நிமிசம் தெரியாது.

றெஜினா: எனக்கு அந்த நிமிசம் இப்ப நாள் முழுக்க. நேற்றும் கனவு. எங்கடை பாசையூர் வீட்டு முத்தம்... கொடியிலை வெள்ளைச் சட்டை ஒண்டு காயுது. காத்தே இல்லை, ஆனா சட்டை ஆடுது. உள்ளுக்கை ஆரோ நிக்கிற மாதிரி, மூச்சு விடுற மாதிரி. கிட்டப் போறன், போறன், முத்தம் நீண்டுகொண்டு போகுது.

பவளராணி: ஆரெண்டு கண்டனீங்களே?

றெஜினா: இல்லை. ஆனா நான் பயப்பிடேல்லை. எழும்பேக்கை நெஞ்சு இலேசாய் இருந்தது.

பவளராணி: அப்ப நல்ல கனவுதான்.

றெஜினா: இந்தா, ஸோராவின்ரை சட்டை முடிஞ்சுது. கறை அப்பிடியே கிடக்கு. நாளைக்கு எத்தினை மணிக்குக் காட்டுறியள்?

பவளராணி: ஆறு மணிக்கு. கடற்கரையிலை சங்க்ட் ஹான்ஸ் திருநாள் நெருப்புக் கொளுத்த முதல். ஸ்லோவேனியாவிலை இருந்து சாரணப் பிள்ளையள் பஸ்ஸிலை வந்திட்டுதுகள். எங்கடை ஊர்ச் சாரணரோடை சேர்ந்து பழைய உடுப்புகளைக் காட்டப்போகுதுகள், ஸோரா கதிரையிலை இருந்து விளக்கம் சொல்லுவா. அந்தப் பிள்ளையளைப் பாக்கவேணும் நீங்கள். கழுத்துத் துணியைக் கழட்டி இஞ்சத்தைப் பிள்ளையளோடை மாத்திக் கட்டுதுகள்.

றெஜினா: கேட்ட உடனை கழட்டிக் குடுக்குங்களோ?

பவளராணி: சிரிச்சுக்கொண்டு. அது அவையின்ரை வழக்கமாம், சிநேகிதத்துக்கு.

றெஜினா: குடுத்துவைச்சதுகள்.

பவளராணி: ஓம்.

றெஜினா: சரி, புதுச்சட்டைக்கு வருவம். ஸோராவின்ரை சட்டை இத்துப்போச்சு, அதைப்போல ஒண்டு தைச்சால் ஒரு பிள்ளை போட்டுக் காட்டும் எண்டாய். ஆரடி அந்தப் பிள்ளை?

பவளராணி: சொன்னனே, ஃப்ரேயா.

றெஜினா: ஃப்ரேயாவை நான் கடையிலை கண்டனான், பவளம். என்னைவிட ஒரு முழம் உயரம். இந்தச் சட்டைக்குள்ளை அவளின்ரை ஒரு கைதான் போகும்.

பவளராணி: அது வேறை ஃப்ரேயா. இஞ்சை தெருவுக்கு ரண்டு ஃப்ரேயா இருக்கு.

றெஜினா: ஸோராவின்ரை சட்டைக்கு முழுக்கை. நீ தந்த கடதாசியிலை அரைக்கை.

பவளராணி: வெயில் எல்லோ.

றெஜினா: டென்மார்க் வெயிலுக்கு அரைக்கை. சரி. அளவு ஆர் எடுத்தது?

பவளராணி: பிள்ளையின்ரை தாய்.

றெஜினா: கை நீளம் தோள்மூட்டிலை இருந்து எடுத்திருக்கிறா. எங்கடை அப்பா கண்டிருந்தால் நாடாவாலையே போட்டிருப்பார். எங்கடை வீட்டிலை எப்பவும் பிடரி எலும்பிலை இருந்து, தோளுக்கு மேலாலை. எனக்கும் லோரன்ஸுக்கும் வேறை மாதிரி எடுக்கக் கையே வராது.

பவளராணி: இவைக்கு உதெல்லாம் எங்கை தெரியும்.

றெஜினா: இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு சமாதானத்துக்கை நானும் நீயும் வன்னிக்குப் போனம், ஞாபகம் இருக்கே? கோகிலாவுக்குப் பதினொரு வயசு. பள்ளிக்கூடச் சட்டை தைக்க நான் நாடாவை எடுக்க, நான் எடுக்கிறன் அக்கா எண்டு பறிச்சுப்போட்டான். பிறந்த நாள் தொட்டு அந்தப் பிள்ளையிலை வேறை ஒருத்தரும் நாடா பிடிச்சதில்லை. அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினனான்.

பவளராணி: என்ரை தங்கச்சி ராசமலர் சிரிச்சவள். எனக்குப் புருசனில்லை, தையற்காரன்தான் இருக்கிறான் எண்டு.

றெஜினா: ஜனவரியிலை கடைசியாய் அவன் போன் எடுக்கேக்கை, நான் பிள்ளையைப் பற்றித்தான் கேட்டனான். பிள்ளையளைச் சண்டைக்குப் பிடிச்சுக்கொண்டு போறாங்கள் எண்டு கேள்விப்பட்டிருந்தனான். என்ன சொன்னவன் தெரியுமே? அக்கா, அவளுக்கு வெள்ளைச் சட்டைதான் அளவு, வேறை உடுப்பு ஒண்டும் பொருந்தாது, நான் பாத்துக்கொள்ளுறன் எண்டான். போனிலை உப்பிடித்தானே கதைக்கலாம்.

பவளராணி: ...பாத்துக்கொண்டிருப்பார் மச்சாள். அவர் சொன்னால் செய்யிற ஆள்.

றெஜினா: ஓம். சொன்னால் செய்வான்.

பவளராணி: தாங்கோ, புதுச்சட்டையை நான் ஒருக்கால் பாக்கிறன்... என்ன வடிவு. கொலர் அப்பிடியே... இதென்ன மச்சாள்?

றெஜினா: என்ன?

பவளராணி: கீழை நாலு விரல் மடிப்பு. கைக்குள்ளையும் மடிச்சு விட்டிருக்கிறியள். ஒருநாள் போட்டுக் காட்டுற சட்டைக்கு ஏன் இவ்வளவு துணி உள்ளுக்கை?

றெஜினா: பிள்ளை வளரும்.

பவளராணி: நாளைக்கு ஒரு மணித்தியாலம் போட்டிட்டுக் கழட்டுறது...

றெஜினா: நெஞ்சளவு இருபத்தெட்டு. பதினொரு வயசிலை இருபத்தாறு. அஞ்சு வருசத்திலை ரண்டு அங்குலம்தான். சாப்பாடு ஒழுங்காய்க் கிடைச்சால் வளரும்.

பவளராணி: மச்சாள்...

றெஜினா: இரு பவளம். கதவைப் பாக்காதை, இரு. நீ தந்த கடதாசியிலை கடைசி வரியை வாசி.

பவளராணி: ...இடது தோள், அரை அங்குலம் இறக்கம்.

றெஜினா: கோகிலா ஒன்பது வயசிலை கொய்யா மரத்தாலை விழுந்து எலும்பு முறிஞ்சது. பொருத்தினது சரிவரேல்லை. அந்த அரை அங்குலத்தை அவன் சொல்ல நான் என்ரை கையாலை எழுதினனான். நீ புதன்கிழமை கடதாசியைத் தந்திட்டுப் போக, நான் கதவைச் சாத்திப்போட்டு இந்தக் கதிரையிலை இருந்து அழுதனான். என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறாள்.

பவளராணி: ஓம் மச்சாள். இருக்கிறாள். முகாமிலைதான். சிஸ்டர் விக்ரோரியா எண்டு ஒரு கன்னியாஸ்திரி... வவுனியாவிலை நிண்டு போன் எடுத்தவா. மரத்துக்குக் கீழை பிள்ளையளுக்குப் படிப்பிக்கினமாம். மார்கழிச் சோதினை எழுதப்போறன் எண்டு நிக்கிறாளாம் எங்கடை கோகிலா. போட வெள்ளைச் சட்டை இல்லையாம். பெரியம்மாட்டைச் சொல்லுங்கோ, மாமி தைச்சுத் தருவா எண்டவளாம்.

றெஜினா: மாமி தைச்சுத் தருவா எண்டவளே?

பவளராணி: அப்பிடித்தான் சொன்னவளாம். இஞ்சை இருந்து குலேந்திரன் அண்ணை வியாழக்கிழமை கொழும்புக்குப் போறார். கொண்டுபோய் சிஸ்டரிட்டைக் குடுப்பார்.

றெஜினா: ராசமலர்?

பவளராணி: அவளும் இருக்கிறாள். காலிலை ஒரு காயம், ஆறுதாம்.

றெஜினா: அந்தோனியாரே... அப்ப உன்ரை தங்கச்சியும் தப்பீட்டாள். இதையெல்லாம் அஞ்சு நாளாய் நெஞ்சுக்கை வைச்சுக்கொண்டு, எனக்கு ஃப்ரேயாக் கதை சொன்னாய் என்ன.

பவளராணி: சிஸ்டர் சொன்னவா, கனபேருக்குச் சொல்லவேண்டாம், பிள்ளைக்குப் பிரச்சினை வரும் எண்டு. அதுதான்... வேறை ஒண்டும் இல்லை. மூண்டு பேரும் ஒண்டாய்த்தான் இருக்கினமாம் மச்சாள். லோரன்ஸும். அவருக்குக் கொஞ்சம் காய்ச்சல், அதுதான் கதைக்க ஏலாமல்... பிறகு கதைப்பார். நீங்கள் யோசிக்காதையுங்கோ.

றெஜினா: என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லு.

பவளராணி: ஐயோ மச்சாள்...

றெஜினா: அழாதை பவளம். உன்ரை தங்கச்சி இருக்கிறாள், என்ரை தம்பி இல்லை, அதை எந்த வாயாலை சொல்லுறதெண்டு அஞ்சு நாளாய் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். உன்னிலை ஒரு பிழையும் இல்லை. அவன் காய்ச்சலிலை கிடந்தாலும், ஒரு கைதான் மிஞ்சியிருந்தாலும், அந்தப் பிள்ளையிலை வேறை ஆரையும் நாடா பிடிக்க விட்டிருக்கமாட்டான். கை நீளம் தோள்மூட்டிலை இருந்து எண்டு வாசிச்ச உடனை எனக்கு விளங்கீட்டுது. கத்தரிக்கோலை வைச்சிட்டுக் கனநேரம் சும்மா இருந்தனான். பேந்துதான் வெட்டினன்... சட்டைத் தெறி ரண்டு தைக்க மிச்சம் இருக்கு. இந்தா, ஊசியிலை நூலைக் கோத்துத் தா, எனக்குக் கண் தெரியுதில்லை.